பழுப்பு ஏறாத இடம்

அவர் பார்க்கும் வேலை என்னவென்று சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வேலை என்று தெரியும். சாயம் போடுகிறார் என்றும் காற்றுவாக்கில் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்குப் பச்சைச் சாயம் முக்குகிறவர் என்று மனைவி வழிச் சித்தப்பா ஒருவர் தானாகவே முடிவு கட்டி, ஒரு விருந்தில் நாலு பேர் நடுவே, "என் சட்டை ஒண்ணு வெளுத்துப்போச்சு, கொண்டுவரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து வந்தவர் அந்தச் சித்தப்பாவோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலும் அவருக்குச் சாயக்காரர் என்றுதான் பெயர், ஆனால் அங்கே அதில் ஒரு மரியாதை இருந்தது.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதை மெழுகில் புதைத்து, கட்டியாக ஆறவைத்து, வெட்டும் இயந்திரத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், வெங்காயத் தோலைவிட மெல்லிய ரிப்பனாக வெட்டுப்பட்டு வரும். ரிப்பனை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே ரிப்பன் பறந்துபோகும். அதனால் தும்மல் வந்தவர்கள் நடைபாதைக்கு ஓட வேண்டும் என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். தலைமை டாக்டரே ஒரு முறை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அதன் பிறகுதான் சாயம். ஊதாவும் இளஞ்சிவப்பும் யார் வேண்டுமானாலும் போடுவார்கள். இவர் பேர் வாங்கியது பழுப்பில். ஆன்டிபாடி என்று ஒரு திரவம் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் தனக்கு வேண்டியதை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பழுப்பு ஏறும், ஒட்டாத இடம் வெளிறி நிற்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் சூடு ஒரு பங்கு கூடினாலோ, கழுவுவது ஒரு பங்கு குறைந்தாலோ, ஸ்லைடு முழுக்கச் சேறு பூசியதுபோல ஆகிவிடும், அல்லது ஒன்றுமே தெரியாது. சாயக்காரர் கையில் அப்படி ஆனதே இல்லை. தப்பே செய்யாதவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. என்னைக் கேட்டால் அது பெயரில்லை, ஒரு வியாதி. பக்கத்து மேஜைப் பெண் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழ் விட்டுவிட்டால், அந்தக் குமிழை அவளைக் கூப்பிட்டுக் காட்டாமல் இவருக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஓர் அண்ணன்.

அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடத் தெருவுக்குச் சேர்த்துத்தான் சொல்வார். எதுவும் அவருக்குச் சுமாராக இருந்தால் போதும். ஒரே வீடு. தம்பி குடும்பம் கீழே, அண்ணனும் அண்ணியும் மாடியில், அதற்கும் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. மாடிப்படித் திருப்பத்தில் மோட்டார் சுவிட்ச். அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். தொட்டி நிறைந்து, வழிந்து, சுவரெல்லாம் தண்ணீர் ஓடும். தம்பி கீழிருந்து கத்துவார். அண்ணன் மேலிருந்து கத்துவார். காலைச் செய்தித்தாள் இன்னொரு போர்க்களம். அண்ணன் படித்து முடித்த பேப்பரில் ஒன்பதாம் பக்கத்துக்கு அப்புறம் நாலாம் பக்கம் வரும், நடுப்பக்கம் காணாமலே போயிருக்கும். "படிக்கிறியா, இல்ல கசக்கிப் பிழியுறியா?" என்று தம்பி ஆரம்பிப்பார். இந்தச் சண்டை இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடிந்ததில்லை. அக்கம்பக்கத்தார் இதைக் கேட்டுத்தான் மணி என்னவென்று தெரிந்துகொள்வார்கள் என்று அண்ணி சொல்வாள்.

போன வருஷம் அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. பிராஸ்டேட் சுரப்பியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். "டேய், என் சதையை வேற எவனும் தொடக்கூடாது. நீயேதான் பண்ணணும்" என்றார் அண்ணன். சொந்தக்காரர்களுடையதைத் தான் தொடாமல் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவதுதான் அங்கே வழக்கம். அந்த வாரம் பார்த்து அந்தப் பெண் லீவில் இருந்தாள். சாயக்காரரும் மறுக்கவில்லை. உள்ளுக்குள் அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ஊசியில் வரும் சதை நூல் நூலாக இருக்கும். மெழுகில் வைக்கும்போது பெரும்பாலும் அவை விழுந்த வாக்கில் நெளிந்துதான் கிடக்கும், யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. அண்ணனுடையது என்பதால் அன்றைக்கு இவர் மெனக்கெட்டார். இடுக்கியால் ஒவ்வொரு நூலாக நீவி, கோடு போட்ட தாளில் எழுதிய வரிகள்போல இணையாக அடுக்கினார். ஒரே ஒரு நூலின் நுனி மட்டும் எவ்வளவு நீவியும் நிமிராமல் கொக்கிபோல வளைந்தே கிடந்தது. "திமிர் சதையிலயும் இருக்கு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே மெழுகை ஊற்றினார். அவ்வளவு அழகாக அடுக்கிய மெழுகுக் கட்டி, பழைய கட்டிகளைச் சேர்த்துவைக்கும் அந்த அலமாரியிலேயே இன்னொன்று கிடையாது.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் கொஞ்சூண்டு, அதுவும் சாதுவான ரகம் என்றார் அறுவை டாக்டர். இப்போது கத்தி வைத்தால் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், இன்னும் வெளியே சொல்ல முடியாத சங்கடங்களும் வரலாம், சாதுவான ஒன்றுக்காக அதையெல்லாம் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம், கண்காணித்தால் போதும், அவ்வப்போது ரத்தம் பார்ப்போம், ஒரு வருஷம் கழித்து மறுபடி ஊசி விட்டுப் பார்ப்போம் என்றார். அண்ணி அதற்குள் பாதி ஆளாகியிருந்தாள். சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், அண்ணனைவிட அவள்தான் நோயாளி மாதிரி இருந்தாள். 'சாது' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். அண்ணனோ தெருவில் நின்று எல்லோரிடமும், "உள்ள ஒரு குடித்தனக்காரன் வந்திருக்கான். வாடகையும் தர்றதில்லை, சத்தமும் போடுறதில்லை. இருந்துட்டுப் போறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்த வருஷம் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். வயதில் சின்னவர், சுறுசுறுப்பான பெண், சாயக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கேள்வி இதுதான்: சாது என்று சொல்லிக் கண்காணிப்பில் விட்டவர்களில் சிலருக்கு மட்டும் நோய் எலும்புவரை போய்விடுகிறதே, அது கிளம்பப் போகிறது என்பதற்கு முதல் சதையிலேயே ஏதாவது அடையாளம் இருக்கிறதா? அலமாரியில் கிடக்கும் பழைய கட்டிகளை மறுபடி வெட்டி இரண்டு புரதங்களைத் தேட வேண்டும், பிறகு அந்த நோயாளிகள் என்ன ஆகிறார்கள் என்று வருஷக்கணக்கில் பார்த்துப் பொருத்த வேண்டும்.

ஒன்று ஈ-கேதரின். சேர்ந்திருக்கும் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் கை அதுதான். புற்றுசெல் இடத்தைவிட்டுக் கிளம்ப நினைத்தால் முதலில் அந்தக் கையை விட்டுவிடும். இன்னொன்று என்-கேதரின். கிளம்பிய செல் இதை மாட்டிக்கொண்டால், வழியில் கண்டதையெல்லாம் தொற்றித் தொற்றி நகர்ந்து ரத்தக்குழாய் வரை போய்ச் சேர்ந்துவிடும். சாயக்காரருக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழைந்தாலும் பிடிக்கவில்லை. முதலாவதற்குக் கைகோப்பு என்றும் இரண்டாவதற்கு ஊர்சுற்றி என்றும் பேர் வைத்தார். ஒரே வாரத்தில் அந்த அறை முழுக்க அப்படித்தான் பேசியது. "அண்ணே, ஊர்சுற்றி தீர்ந்துபோச்சு, ஆர்டர் போடட்டுமா?" என்று ஆராய்ச்சி டாக்டரே கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

கட்டுப்பாடுகள் இரண்டு. கட்டிகளில் பெயர் இருக்காது, புதிதாக ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எது யாருடையது என்று சாயம் போடுகிறவருக்கும் தெரியக்கூடாது, பார்க்கிறவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும். முடிவையும் எந்த நோயாளிக்கும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த அடையாளத்துக்கு என்ன அர்த்தம் என்பதே இன்னும் யாருக்கும் தெரியாது. சாயக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அண்ணனுடைய கட்டியும் அந்த அலமாரியில் இருக்கிறதே என்று அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை. மற்றவர்கள் தப்பைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற கூர்மை மனிதனுக்குத் தன் விஷயத்தில் எங்கே இருக்கிறது?

ஒரு காலையில் ரிப்பனை வெந்நீரில் மிதக்கவிட்டார். சுருக்கம் விரிந்தது. இணையான வரிகள். ஒன்றின் நுனியில் கொக்கி.

பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் முதுகைப் பார்த்தே அடையாளம் தெரிகிற மாதிரி தெரிந்துவிட்டது. எண்ணாவது ஒன்றாவது. அந்த அலமாரியிலேயே மிகச் சரியாக அடுக்கிய கட்டியை அடுக்கியவரே காட்டிக்கொடுத்துக்கொண்டார். அந்த நிமிஷமே பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டு, டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ரிப்பன் தண்ணீரில் ரொம்ப நேரம் தாங்காது, முதலில் இதை எடுத்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லி ஸ்லைடில் ஏந்தினார். ஏந்தியதை உலரவைக்கும் அடுப்பில் வைத்தார். வைத்ததற்குச் சாயமும் போட்டார். சாது என்றுதானே சொன்னார்கள், அதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போயிற்று என்று நினைத்தார்.

சாயம் பிடித்திருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் ஸ்லைடை அனுப்ப வேண்டும், அது அவர் வேலையில் சேர்ந்தது. கைகோப்பு ஸ்லைடை வைத்துப் பார்த்தார். நல்ல சுரப்பிகள் எல்லாம் தேன்கூட்டின் அறைகள்போலப் பழுப்பு விளிம்பு கட்டி நின்றன. புற்று இருந்த இடத்திலும் பெரும்பாலும் பழுப்பு இருந்தது. அவர் மூச்சு விட்டு, ஸ்லைடைக் கொக்கிப் பக்கம் நகர்த்தினார். அங்கே ஒரு சின்ன மூலையில் செல்கள் வெளிறிக் கிடந்தன. விளிம்பு இல்லை. ஒன்றையொன்று ஒட்டாமல் உதிரியாகக் கிடந்தன. ஊர்சுற்றி ஸ்லைடை எடுத்து வைத்தார். எல்லா இடமும் வெளிறியிருக்க, அதே மூலை மட்டும் பழுப்பாக இருந்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. இத்தனை வருஷத்தில் வராத ஆசை. தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்ற ஆசை. அந்த மூலையில் திரவம் சரியாகப் படாமல் போயிருக்கலாம், ஓரம் காய்ந்திருக்கலாம், ஒரு காற்றுக் குமிழ் உட்கார்ந்திருக்கலாம். மறுநாள் புதிதாக வெட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே மூலை வெளிறியது. ஆன்டிபாடியே கெட்டுப்போயிருக்கும் என்று புதுக் குப்பியைத் திறந்து மறுபடி சாயம் போட்டார். மற்ற எல்லாருடைய ஸ்லைடுகளும் பளிச்சென்று வந்தன, அண்ணனுடைய மூலையும் பளிச்சென்று வெளிறி வந்தது. தன் கை நடுங்காதா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பாகாதா என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சினார். கை கேட்கவில்லை. பழகிய கை பாட்டுக்குச் சுத்தமாக வேலையைச் செய்துவைத்தது. வாழ்நாளெல்லாம் எதைப் பெருமையாக வைத்துக்கொண்டிருந்தாரோ அதுவே கழுத்தைப் பிடித்தது.

"என்னண்ணே, நீங்க போய் திரும்பத் திரும்பப் போடுறீங்க?" என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

"உன் வேலையைப் பாரு" என்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் அதைவிட மோசம். அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்து, அண்ணனும் அண்ணியும் அங்கே போய் ஒரு வருஷம் தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடாகியிருந்தது. மகள் இருக்கிற இடத்திலிருந்து நல்ல ஆஸ்பத்திரி என்றால் அரை நாள் பயணம். மறுபடி ஊசி விட்டுப் பார்க்க வேண்டிய தேதி வந்துவிட்டது, கிளம்புவதற்கு முன் அதை முடிக்க வேண்டும். அண்ணன் முடியாது என்றுவிட்டார். போன தடவை ஊசி விட்ட பிறகு காய்ச்சல் வந்து அவரை ஒரு வாரம் போட்டுப் புரட்டி எடுத்திருந்தது. "சாதுவாத் தூங்குறவனை எதுக்குடா குத்தி எழுப்பணும்? போயிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றார். ஒரு வருஷம். வெளிறிப்போன அந்த மூலைக்கு ஒரு வருஷம் என்பது எவ்வளவு தூரம் என்று சாயக்காரருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவரைத் தின்றது.

சொன்னால் செய்யக்கூடாததைச் செய்தவராவார். போகட்டும், வேலை போனால் போகிறது என்று சொல்லிவிட்டாலும், அர்த்தமே தெரியாத ஓர் அடையாளத்தை வைத்து அண்ணனைக் கத்திக்குக் கீழே தள்ளி, கடைசியில் அது ஒன்றுமில்லை என்று ஆனால்? சொல்லாமல் விட்டு, அது கிளம்பிப் போனால்? மனைவியிடம் சொல்லலாம் என்றால் அவள் வாயில் விஷயம் மாடிப்படி ஏறுகிற நேரம்கூடத் தங்காது. இப்படி எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டு, மாடிக்கும் கீழுக்கும் நடுவில் மென்று முழுங்கிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் ஆராய்ச்சி டாக்டரிடம் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார், கொக்கியையும் சேர்த்து.

"ஐயோ, அண்ணே" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பார்த்த உடனே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூடாதாவா? சொல்லியிருக்கணும் மேடம். தப்புதான்." அந்த வார்த்தையை அவர் வாய் அதற்கு முன் சொன்னதில்லை.

"சரி, உட்காருங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்க கேட்பீங்க. எனக்கும் தெரியாது. அது தெரியாமத்தானே இந்த ஆராய்ச்சியே. அந்த மூலை அப்படியே இருந்துட்டுப் போகலாம், நாளைக்கே கிளம்பலாம். இதை வச்சு ஒருத்தர்கிட்ட போய் உங்களுக்கு இப்படின்னு சொன்னா, நான் டாக்டரே இல்லை."

"அப்ப நான் என்ன மேடம் பண்றது?"

"மறுபடி ஊசி விட்டுப் பார்க்க வேண்டிய தேதி எப்படியும் வந்துடுச்சு இல்ல? அதுக்கு வரச் சொல்லுங்க. அது அவருக்கு ஏற்கனவே சொன்ன வைத்தியம்தான், அதுல தப்பே இல்லை. அறுவை டாக்டர் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி ஞாபகப்படுத்தச் சொல்றேன். ஆனா காரணம் மட்டும் சொல்லக் கூடாது."

"காரணம் சொல்லாம எங்க அண்ணனை ஒரு வாய்த் தண்ணி குடிக்க வைக்க முடியாதுங்க மேடம்."

டாக்டர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்துகொண்டே, "இன்னொண்ணு. யாருடையதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால அந்தக் கட்டியை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடணும். அந்த ஸ்லைடுகளை என்கிட்ட கொடுத்துடுங்க" என்றார்.

கொடுத்தார். டாக்டர் அவற்றை ஒரு தனிப் பெட்டியில் வைத்து இழுப்பறையை மூடினார். அண்ணனைப் பற்றி அந்தக் கண்ணாடிகள் சொன்னதை இனிமேல் யாரும் எண்ணப்போவதுமில்லை, பொருத்திப் பார்க்கப்போவதுமில்லை. அதைச் சுமக்கிற ஒரே தலை இனி அவருடையதுதான்.

அறுவை டாக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமைக்கு நேரம் வைத்திருக்கிறோம் என்றார்கள். "ஊரிலேர்ந்து வந்து பார்க்கிறேம்மா" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லி வைத்துவிட்டார். சாயக்காரர் தன் பங்குக்கு மாடி ஏறினார். "போயிட்டு வந்துடேன் அண்ணே, தேதி வந்துடுச்சுல்ல" என்றார். "ஒரு நாள் வேலைதானே அண்ணே" என்றார். "நானும் கூட வர்றேன் அண்ணே" என்றார். அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ போய் உன் வேலையைப் பாரு" என்று பெட்டியில் துணியைத் திணித்தார்.

மோட்டார் ஓடி ஓடித் தொட்டி வழிந்தது. சாயக்காரர் படியேறிப் போய் சுவிட்சை அணைத்தார். கத்தவில்லை. இன்னும் எத்தனை நாள் இந்தத் தண்ணீர் இப்படி வழியும் என்ற நினைப்பு வந்தது. எதிர்ப்பட்ட அண்ணனிடம், "சாப்பிட்டியா அண்ணே?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் செய்தித்தாள் குப்பை அள்ளியது மாதிரி வந்தது. பக்கங்களைப் பொறுமையாக அடுக்கிவைத்துவிட்டு, படிக்காமலே எழுந்துபோனார். "உடம்பு கிடம்பு சரியில்லையாங்க உங்களுக்கு?" என்று மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி தொட்டி வழிந்தது. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போய் சுவிட்சை அணைத்தார். "டேய், மேல வா" என்று மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது.

அண்ணன் ஈரத் தரையில், தொட்டியில் சாய்ந்து நின்றார். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அந்தத் தண்ணீரில் நிற்கிறாரோ.

"வேணும்னுதான்டா விட்டேன்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அண்ணனுக்கு இப்படியும் பேசத் தெரியும் என்று சாயக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எதை?"

"மோட்டாரைத்தான். முந்தாநாளும் வேணும்னுதான் விட்டேன். அதுக்கு முன்னாடியும். பேப்பரை உட்கார்ந்து நானே கலைச்சு வச்சேன், இதுக்காவது கத்துவானான்னு பார்க்க. நீ என்னடான்னா சுவிட்சை அணைச்சுட்டு, சாப்பிட்டியா அண்ணேன்னு கேட்டுட்டுப் போற. இந்த வயசு வரைக்கும் நீ என்னை அப்படிக் கேட்டிருக்கியா? அன்னிக்கே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு."

சாயக்காரர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆமாம் என்று சொல்ல முடியாது. திறந்த வாயோடு நின்றார்.

"மூடு வாயை" என்றார் அண்ணன். "நான் ஒண்ணும் கேட்கலை. நீ எதைப் பார்த்தியோ, எங்க பார்த்தியோ, அது உன்னோட வேலை. அதைச் சொல்லி நீ உன் பேரைக் கெடுத்துக்க வேண்டாம். அந்த ஊசி எப்பன்னு சொன்னாங்க?"

"நாளைக்கு. நேரத்தை இன்னும் விடாம வச்சிருக்காங்க."

"சரி. காலையில வண்டி பிடி. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கலாம். பொண்ணுகிட்ட இடுப்பு வலின்னு சொல்லிக்கிறேன்."

சாயக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு வரப்போகும் நூல்களைத் தான் தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. அதைப் பக்கத்து மேஜைப் பெண் அடுக்குவாள், நெளிந்தே கிடக்கும். கிடக்கட்டும். அந்த மூலை அதில் வருமோ வராதோ, வந்தால் நல்லதா கெட்டதா என்பதும் தெரியாது. ஒன்றும் முடியவில்லை. இதுவரை ஒரு ஆள் மாட்டியிருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் அண்ணன். "உங்க அண்ணி கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. நேத்து கேட்டா, உங்க தம்பி ஏன் இப்பல்லாம் சண்டைக்கே வர்றதில்லைன்னு. போன தடவை அவ இருந்த இருப்பைப் பார்த்தல்ல? அவளுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா, என்னால தாங்க முடியாதுடா. அதனால திட்டு."

"என்ன அண்ணே?"

"திட்டுடா. தண்ணி வழிஞ்சிருக்கு. கீழ அவ காதுல விழணும்."

"என்னால முடியாது அண்ணே."

"இத்தனை வருஷம் ஓசியில திட்டினே. இன்னிக்கு நானே கேட்டு வாங்குறேன், முடியாதுங்கிற."

சாயக்காரர் தொண்டையைச் செருமினார். "உனக்கு… உனக்கு அறிவிருக்கா அண்ணே?"

"இதெல்லாம் ஒரு திட்டா? முதல்ல அந்த அண்ணேயை எடு."

"அறிவிருக்கா உனக்கு?" என்றார் மறுபடி. இந்தத் தடவை குரல் கொஞ்சம் எழும்பியது. "ஒரு சுவிட்சை அணைக்கத் துப்பில்லை, இவரு பஸ் ஓட்டினாராம் பஸ்! தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"எங்க அப்பன்தான்டா உனக்கும் அப்பன்!" என்று அண்ணன் பழைய குரலில் முழங்கினார்.

"எவ்வளவு நாளா சொல்றேன்! காதுல வாங்குறியா? எதைச் சொன்னாலும் சிரிப்பு! எது வந்தாலும் சிரிப்பு! உன்னை நினைச்சுக்கிட்டு ஒருத்தனால சோறு தின்ன முடியலை, தூங்க முடியலை, நீ பாட்டுக்குப் பெட்டி கட்டுற!" தண்ணீரை விட்டு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது திட்டு. கண்ணிலிருந்து வழிவதை நிறுத்த அவரால் முடியவில்லை. எந்தச் சுவிட்சைத் தேடுவது?

கீழே சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. "ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்? தெருவே பார்க்குது, மானம் போகுது!" என்று அண்ணி கத்தினாள். கோபமாகத்தான் கத்தினாள், ஆனால் அந்தக் குரலில் இருந்த நிம்மதி மேலே நின்ற இருவருக்கும் நன்றாகக் கேட்டது. பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணன் தம்பியின் தோளைப் பிடித்து அந்த ஜன்னல் பக்கம் பார்க்காதபடி திருப்பினார். "நல்லா இருக்கு" என்றார் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் சத்தமா."

சாயக்காரர் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி கத்த ஆரம்பித்தார்.